தார் அடித்த பிக்கப்

குவைத்திலிருந்து வந்து பெட்டியின் கயிற்றைக்கூட நான் அவிழ்க்கவில்லை. அதற்குள் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், "மறுபடி எப்ப போற?" என்று. கேட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண் ஒரே தடவையோடு நின்றதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வருவார்கள், கூரைத் தகரத்தை மாற்றுவார்கள், ஒரு கல்யாணத்தையோ காதுகுத்தையோ நடத்துவார்கள், மறுபடி பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஹட்டனுக்குப் போவார்கள்.

கேட்காமல் இருந்தது என் மகள் மட்டும்தான். நான் போகும்போது அவள் இரண்டாம் ஆண்டில் படித்தாள். வந்தபோது எட்டாம் ஆண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு பேசுவதுபோல் என்னோடு அளந்து பேசினாள். தலை பின்ன வா என்றால், "அத்த பின்னிருவாங்க" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே என் கணவரின் அக்கா இருந்தார். அத்தனை வருஷமும் அவளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். சீப்பும் கையுமாக நான் வாசலில் நிற்பேன். எனக்கு அந்த மாதிரி நேரத்தில் அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். பிறவிக் குணம்.

இனிமேல் போவதில்லை என்று நான் முடிவு எடுத்துத்தான் வந்திருந்தேன். ஆனால் அதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? போகாமல் இருக்க ஒரு காரணத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. மறுபடி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்ட மனசு வரவில்லை. சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது. காலையில் எழுந்து பாத்திரம் கழுவி, துணி துவைத்து, வாசலைக் கூட்டி முடித்த பிறகும் கையும் காலும் அடங்காது. கூட்டிய வாசலை மறுபடி கூட்டிக்கொண்டிருந்ததை என் கணவர் ஒருநாள் பார்த்துவிட்டு, "புள்ள, மண்ணையும் சேத்து அள்ளிறாத" என்றார்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் லீக்ஸ், கரட், கோவா என்று காய்கறி போடுகிறார்கள். வியாபாரியின் லொறி தோட்டத்து ரோட்டின் முனையில் வந்து நிற்கும். அது வரும்போதுதான் வரும். சாக்கு மூட்டைகளை வைத்துக்கொண்டு பெண்கள் மழையில் காத்திருப்பார்கள். அவன் சொன்ன விலைதான் விலை. எங்களிடமே ஒரு வாகனம் இருந்தால் நேராக நுவரெலியாச் சந்தையில் இறக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். குவைத்தில் இத்தனை வருஷம் பெரிய பெரிய கார்களில் பின் சீட்டில், மற்றவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். முன் சீட்டில் உட்கார வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஹட்டனில் பழகி லைசன்ஸ் எடுத்தேன்.

பிக்கப் கிடைத்தது கந்தப்பளைக்கு அப்பால், ஒரு லீக்ஸ் தோட்டத்தின் மூலையில். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் அங்கே ஓரங்கட்டியதாம். அப்புறம் யாரும் தொடவில்லை. பழைய ஜப்பான் வண்டி. அதன் நிறம் நீலம் என்று சொன்னார்கள், நம்பிக்கொண்டேன். தரையிலிருந்த ஓட்டை வழியாகப் புல் உள்ளே வந்து ஸ்டியரிங்கை எட்டிப் பார்த்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது. கொள்வாரில்லாத வண்டி என்பதால்தான் என் கைக்கு எட்டியது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, மூடிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் நிறுத்தினோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகக் கட்டிய இடம் அது. தோட்டத்தில் எங்கள் டிவிசனில் சமதளமான நிலம் அது ஒன்றுதான்.

லயமே வேடிக்கை பார்க்க வந்தது. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுல கோழி வளக்கலாம்" என்றார்.

எனக்கு மெக்கானிக் வேலை ஒரு துளியும் தெரியாது. போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தேன். அதற்கும் லயத்தில் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டிவரை ஏற வேண்டும். அங்கே நின்று, பிரேக் டிரம்மை எப்படிக் கழற்றுவது என்று பார்ப்பேன். கழற்றிக் காட்டும்வரை பார்க்கப் பொறுமை இருக்காது, பாதியிலேயே கீழே ஓடுவேன். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் எந்தத் திருகாணி முதலில் என்பது மறந்துவிடும். மறுபடி மேலே. அந்த ஏற்றத்தில் நான் ஏறி இறங்கிய நேரத்துக்குக் கொழுந்தெடுத்திருந்தால் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போட்டிருக்கலாம் என்று மலையிலிருந்த பெண்கள் கூவிச் சிரித்தார்கள். கடைசியில் என் மகள்தான் போனை வாங்கி, வீடியோவை இறக்கிவைக்கும் வித்தையைச் செய்து கொடுத்தாள். நன்றி சொல்வதற்குள் போய்விட்டாள்.

துருப்பிடித்த ஆணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் விட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நான் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் விட்டேன். ஆணி தலை தெறித்தது. அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவது ஆணியைத்தான் பயந்துபோய் ஊறவிட்டேன், அது சுலபமாகக் கழன்றது, அதற்கும் கோபம் வந்தது. கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தால் துரு போகும், அதோடு தகரமும் போகும். சாயந்திரம் வீட்டுக்குப் போனால் முகமெல்லாம் செம்மண் நிறம். கை நகத்துக்குள் கறுப்பு. அந்தக் கையோடு சோறு போட்டால் மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

ஆனாலும் எஞ்சின் பிழைத்தது. பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டேன், கார்பரேட்டரைக் கழற்றி வீட்டிலிருந்த பல் துலக்கும் பிரஷால் கழுவினேன், பெற்றோல் டாங்கியிலிருந்து ஒரு வாளி சேற்றை எடுத்தேன். சித்திரை மாதத்தில் ஒரு பகல், கோயில் லவுட்ஸ்பீக்கரின் பெட்டரியை இரவல் வாங்கி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி இருமியது. பிறகு ஒரு பெரிய கறுப்புப் புகையை விட்டு, உடம்பெல்லாம் ஆடிக்கொண்டு ஓடத் தொடங்கியது. நான் போட்ட கூச்சலில் மேட்டு லயத்துக்காரர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். இவர்கூட பல் தெரியச் சிரித்தார். மகளைத் தேடினேன். அவள் லயத்து வாசலில் நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை.

அடுத்து மழை வரப்போகிறது. வண்டியில் எங்கு பார்த்தாலும் ஓட்டை. இந்த வேலைக்கு எனக்கு வீடியோ தேவைப்படவில்லை, ஓட்டை அடைப்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா? பெரிய மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் லயத்தில் தகர டின்னில் தார் உருகும். சாக்குத் துண்டைக் கிழித்துத் தாரில் தோய்த்து, கூரையில் ஆணி ஓட்டை, துரு ஓட்டை எல்லாவற்றிலும் ஒட்டுவோம். நடக்கப் பழகிய காலத்திலிருந்து ராத்திரி படுக்கையை நனைத்த எதிரி இந்த ஓட்டைதான். கண்ணில் பட்டால் விடமாட்டோம்.

அப்படித்தான் பிக்கப்பையும் அடைத்தேன். இவரும் லீவு நாளில் கூட நின்றார். தரையில் சாக்கு விரித்து இரண்டு பூச்சு. ஓரங்களில், மூலைகளில், சக்கரத்துக்கு மேலே. கதவுகளுக்கு அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன நீள ஓட்டைகள் இருந்தன. துருவுக்குக்கூட ஒரு ஒழுங்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, அதையும் விரலால் தார் வைத்து ஒவ்வொன்றாக மூடினேன். ஒரு வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. லயத்துப் பெண்கள் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் கூரையவிட நல்லா இருக்கு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழை வந்தது. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பிடித்தால் விடாது. மலை, லயம், எதிரிலிருக்கும் ஆள் எல்லாம் மூடுபனிக்குள் போய்விடும். வெளியே வேலை செய்ய முடியாமல் காம்பராவுக்குள் நான் அடைபட்டுக் கிடந்தேன். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். துவைத்த துணி காயவில்லை என்று அடுப்புக்கு மேல் கட்டிய கொடியோடு சண்டை போட்டேன். நாளுக்கு ஒரு தடவை குடையோடு போய் வண்டிக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கொஞ்சநேரம் ஓடவிட்டு வருவேன். கதவைச் சாத்தும்போது உள்ளே எங்கோ களுக் களுக் என்று ஒரு சத்தம் கேட்டது. என்னமோ கழன்றிருக்கிறது, வெயில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு டவுனில் வெல்டிங் பாஸின் கராஜுக்குப் போனேன். பின் கதவின் கொண்டியை ஒட்டவைக்க வேண்டும், அவ்வளவுதான். மேஸ்திரியை நாங்கள் பாஸ் என்போம். இந்தப் பாஸ் சிங்களவர், வயிறு பெருத்த மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். என் பக்கத்துக் கதவை ஆட்டிப் பார்த்தார். களுக் என்றது.

"மேக மொகத நங்கி?" என்றார். என்ன தங்கச்சி இது என்று கேட்கிறார். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரால் கதவின் அடியில் தாரைக் குத்தினார். உள்ளேயிருந்து துரு கலந்த தண்ணீர் பீறிட்டு அவர் காலிலேயே கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

அவர் சிங்களத்தில் கேட்டதையும் நான் சிங்களத்தில் சொன்னதையும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இந்த ஓட்டையை யார் அடைத்தது?"

"நான்தான்."

"ஏன் அடைத்தாய்?"

"ஓட்டையாக இருந்தது."

மனிதர் ஒரு டயரின்மேல் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து மனைவியைக் கூப்பிட்டு, அவருக்கும் காட்டி மறுபடி சிரித்தார். அந்த ஓட்டைகள் கம்பனி வைத்தவையாம். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத் தண்ணீர் கதவுக்குள் போகும், அது வெளியே போக வழி வேண்டாமா என்றார். தரையிலும் அதே கதை. சாக்கு தண்ணீரைக் குடித்துத் தகரத்தோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. அவர் தாரைப் பிய்த்தார். தகரமும் கூடவே அப்பளமாக உடைந்து வந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் கீழே ரோடு தெரிந்தது. நான் வாங்கியபோது இருந்ததைவிட இப்போது ஓட்டைகள் அதிகம். தரையைப் பாதிக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகரம் வைக்க வேண்டும், மற்ற வேலைகளுக்கு நடுவில் அவர் அதைச் செய்து முடிக்க ஆவணி ஆகிவிடும் என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். அந்த நடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தார் அடித்த என் கைகளை வெட்டிப்போடலாம் போல இருந்தது. வீட்டில் சொன்னதும் இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்து, "கூரைக்கு அதுதான் சரி. வண்டிக்கு அது சரியில்லன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? பாப்போம்" என்றார்.

"என்னத்த பாக்குறது? நீங்க எல்லாத்துக்கும் பாப்போம்தான். பாத்துக்கிட்டே இருங்க!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். கால்கள் தானாகத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறின. சிக்னல் வந்ததும் ஹட்டனில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். அவர் என் குரலைக் கேட்டதும் ஆச்சரியப்படவேயில்லை.

"அக்கா, நானே எடுக்கணும்னு இருந்தேன். பாஸ்போர்ட் இருக்குதானே?"

"இருக்கு."

"செல்லுபடியா இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"நல்ல வீடு ஒண்ணு இருக்குக்கா. ரெண்டு புள்ளைங்கதான். பேரப் போட்டுரவா?"

"போட்டு வைங்க" என்றேன்.

சாயந்திர வேளை. தொட்டிக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல் லயத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக உட்கார்ந்து போனில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகளும் அவர்களோடு இருந்தாள். எனக்கு மெதுவாகப் பேச வராது. போனில் பேசினால் பக்கத்து மலைக்குக் கேட்கும். நான் இறங்கும்போது அவள் தலை நிமிரவில்லை, புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் என் கோபம் வடிந்திருந்தது. என் கோபம் அப்படித்தான், வந்த வேகத்தில் போகும். கராஜுக்குப் போய், நானும் வேலை செய்கிறேன் என்றேன். பாஸ் தலையைச் சொறிந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை விட்ட நாட்களில் போய்த் தாரைச் சுரண்டினேன். அடித்தது ஒரு நாள், சுரண்டியது ஒரு மாதத்துக்கு மேல். அவர் தகரம் வெட்டி ஒட்டுவார், நான் ஓரங்களைத் தேய்ப்பேன், காவிப் பெயின்ட் அடிப்பேன். தண்ணீர் போகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுத் திறந்துவைத்தேன். அடைக்காதே, அடைக்காதே என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஏஜென்ட் இடையிடையே எடுத்தார். நான் எடுக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அந்த வாசலையும் திறந்தே வைத்திருக்க மனசு ஆசைப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மகள் முன்னைவிடக் குறைவாகப் பேசினாள். வயசுக்கு வருகிற காலம், அப்படித்தான் இருக்கும் என்று நாத்தனார் சொன்னார். நானும் நம்பினேன்.

பாஸ் ஆவணி என்றார், முடிந்தது புரட்டாசியில். நீலமும் காவியும் கலந்த ஒரு நிறத்தில், சொந்தப் பெட்டரியோடு, பிக்கப் பிள்ளைக்காம்பரா முன்னால் வந்து நின்றது. அடுத்த நாள் முதல் மூட்டை ஏற்றுவதாக லயத்தில் பேசி முடித்தோம். அன்றைக்குப் பகலில், டவுன்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு எடுத்தேன்.

டவுனில் திருப்பவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது, அதனால்தான் திருப்பவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இந்த வளைவு முடியட்டும் என்று நினைத்தேன். தலவாக்கலை வந்தது. அதையும் தாண்டினேன். ஜன்னலில் குளிர்காற்று அடித்தது, தேயிலை மலைகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன, பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்பாரில்லை. எவ்வளவோ நாளாக அடங்காத கையும் காலும் அப்போதுதான் அடங்கி இருந்தன. நானுஓயாவில் ரயில் கடவையில் கதவு போட்டிருந்தார்கள். அங்கே நின்றபோதுதான் நேரத்தைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தோட்டத்து ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் மகள் பள்ளிக்கூட உடுப்போடு தனியாக நின்றாள். நான் சந்தோஷத்தில் வண்டியை நிறுத்தி, "ஏறு, ஏறு!" என்றேன். ஏறவில்லை.

"டவுனுக்குன்னு சொன்னீங்க. எம்புட்டுத் தூரம் போனீங்க?"

"நானுஓயாவரைக்கும்! ரயில் கேட்டு மட்டும் போடலன்னா இன்னும் போயிருப்பேன்" என்றேன் பெருமையாக.

அவள் குறுக்குப் பாதையில் ஏறி லயத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மூட்டைகள் வந்து குவிந்தன. விடியலில் பிடுங்கிக் கழுவிய லீக்ஸ், கரட். சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றியது. அவ்வளவுதான். பெற்றோல் பார்த்தேன், இருந்தது. பெட்டரி பார்த்தேன், நன்றாக இருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தேன், பொறி வரவில்லை. சுற்றி நின்றவர்கள் முதலில் யோசனை சொன்னார்கள், பிறகு தங்களுக்குள் பேசினார்கள், பிறகு மூட்டைகளில் வெயில் படுவதைப் பார்த்தார்கள். கடைசியில் யாரோ வியாபாரிக்குப் போன் போட்டார்கள். லொறி வந்தது. அவன் கேட்ட விலைக்கே மூட்டைகள் ஏறின. போகும்போது டிரைவர் கண்ணாடியை இறக்கி, "அக்கா, தள்ளிவிடணுமா?" என்றான். நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டு வந்தேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடி ஒன்று எஞ்சினில் உண்டு. அதன் இரண்டு கிளிப்பையும் தட்டித் திறந்தேன். உள்ளே நடுவில், பெருவிரல் அளவில் சுழலும் ஒரு துண்டு இருக்க வேண்டும். ரோட்டர் என்பார்கள். அது இல்லை. அது இல்லாவிட்டால் எந்த வித்தை செய்தும் எஞ்சின் பிடிக்காது. அது தானாகக் கழன்று விழவும் முடியாது. மூடி ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

யாரோ எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. வியாபாரியைத் திட்டினேன், அந்த டிரைவரைத் திட்டினேன், வண்டியை இங்கே நிறுத்தக்கூடாது என்று முன்பு ஒருநாள் சொன்ன தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவைத் திட்டினேன். பொலிசுக்குப் போகிறேன் என்று லயமெல்லாம் கேட்கக் கத்தினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

மகள் வாசலில் நின்று கொஞ்சநேரம் கேட்டாள். பையைத் தோளிலிருந்து இறக்கி, பென்சில் பெட்டியைத் திறந்து, அதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"யாரையும் ஏசாதீங்க. நான்தான் எடுத்தேன்."

"ஒனக்கு எப்பிடிடி இது தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

"எஞ்சின் வீடியோவ எத்தன தடவ போட்டீங்க. நான்தானே எறக்கிக் குடுத்தேன்."

"ஏன் எடுத்த?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பாஸ்போர்ட் இருக்குன்னு அந்தாள்கிட்ட சொன்னீங்க. பேரப் போட்டு வைங்கன்னு சொன்னீங்க. டவுனுக்குன்னு சொல்லிட்டு நானுஓயாவுக்குப் போனீங்க. நடந்து போனா, பஸ் ஸ்டாண்ட்வரைக்கும் நான் பின்னாலயே ஓடி வந்துருவேன். வண்டில போனா எப்பிடி ஓடி வர்றது?"

இவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பாப்போம் என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த வண்டியே நான் போகாமல் இருக்கத்தான் என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். உண்மைதான். ஆனால் முந்தின நாள் அந்த ரயில் கேட்டுக்கு முன்னால் நான் இருந்த சந்தோஷமும் உண்மைதான். அதில் அவள் எங்கேயும் இல்லை. எனக்கு முதல் தடவையாக என்னைப் பற்றியே பயம் வந்தது. அழுதேன். எனக்கு அழ வராது என்று இத்தனை நாள் நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு தொட்டிக்கு ஏறினேன். ஏஜென்டிடம் பேரை எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஏதேதோ சொன்னார், இன்னும் நல்ல வீடு என்றார். வேண்டாம் என்றேன், வழக்கமான குரலில். மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் நம்பியதற்கான அடையாளம் பெரிதாக ஒன்றும் இல்லை. நம்பச் சொல்லி எப்படிக் கேட்பது? ரோட்டரைத் துடைத்து அவள் கையில் வைத்தேன்.

"இது ஒங்கிட்டயே இருக்கட்டும். வண்டி எடுக்கணும்னா ஒங்கிட்ட வாங்கித்தான் எடுப்பேன்."

சாவி என்னிடம், ரோட்டர் அவளிடம். மூட்டை ஏற்றும் நாட்களில் பள்ளிக்கூடம் போகுமுன் அவளே மூடியைத் திறந்து மாட்டிவிடுவாள். மாட்டும்போது எங்கே, எந்த வழி, யாரோடு என்று விசாரணை நடக்கும். லயத்தில் இதை வைத்துச் செய்யாத கேலியில்லை. சாயந்திரம் நான் வந்ததும் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து கழற்றி எடுத்துக்கொள்வாள்.

போன மாதம் ஒருநாள் காலையில் என்னோடு எதற்கோ கோபித்துக்கொண்டு, ரோட்டரைப் பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்விட்டாள். மூட்டையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. சந்தை காத்திருக்காது. கறுவிக்கொண்டே குறுக்குப் பாதையில் இறங்கி, பள்ளிக்கூடத்து வாசலில் நின்று ஆள் அனுப்பினேன். மூச்சு வாங்கியது, வாயில் ஆயிரம் ஏச்சு தயாராக இருந்தது. அவள் வந்தாள், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"எங்க போறீங்க?"

"நுவரெலியாவுக்குத்தான். வேற எங்க?"

"எத்தன மணிக்கு வருவீங்க?"

"நீ வீட்டுக்கு வரும்போது இருப்பேன்."

என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ரோட்டரைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடினாள்.

அன்றைக்குச் சந்தையில் இறக்கி முடித்ததும் நேரே வண்டியில் ஏறினேன். வழியில் தேத்தண்ணி குடிக்கக்கூட நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே வந்து, சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.